நானாவின் வாத்து ஹார்ன்

மலேரியாக் காய்ச்சல் எங்கள் பக்கத்தை வாரிக்கொண்டு போன அந்த வருடம், கார்த்திகை மாதத்தில், தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து ரோட்டில் நடந்தது இது. எனக்குக் கடைவீதியில் ஒரு சில்லறைக் கடை. கருவாடு, மண்ணெண்ணெய், கயிறு எல்லாம் விற்பேன். அதோடு நான் ஒரு சங்கத்துக்குத் தலைவர். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். ஊரே சிரித்தது, நீங்கள் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

சங்கத்தின் பெயர் பழைய மோட்டார் சைக்கிள்காரர் சங்கம். துரைமார் கார் வாங்கியதும் கழித்துவிட்ட வண்டிகளை வாங்கி, கம்பியாலும் கயிற்றாலும் கட்டி ஓட்டுகிற ஏழெட்டுப் பேர் நாங்கள். ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டைக்குப் பிறகு செய்த வண்டி என்றால் உள்ளே விடமாட்டோம். யாருடைய வண்டி வழியில் அதிகம் நிற்கிறதோ அவரே தலைவர் என்பது எங்கள் சட்டம். அந்தப் பதவியிலிருந்து என்னை அசைக்க இதுவரை ஆள் பிறக்கவில்லை. என்னுடையது தோல் பட்டியால் சக்கரம் சுற்றுகிற வண்டி. மழையில் பட்டி நனைந்தால் எஞ்சின் ஓடும், சக்கரம் ஓடாது. மேடு வந்தால் நான் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓட வேண்டும். என் தொந்தியோடு அந்தக் காட்சியைப் பார்க்கத் தோட்டத்துப் பிள்ளைகள் ரோட்டோரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் சேர்ந்து கித்துல்கலைக்குப் போவோம். ஆற்றில் குளித்து, பாணும் சம்பலும் தின்று திரும்புவோம். பாண் கொண்டு வருவது பேக்கரி நானா; முஸ்லிம் ஆட்களை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். என் கடைக்கு எதிர்க்கடைக்காரர். அவருடைய வண்டிதான் சங்கத்திலேயே நல்லது. சங்கிலி, கியர் எல்லாம் உள்ள வண்டி. ஆனால் அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். மெதுவான வண்டி முன்னால், வேகமான வண்டி பின்னால் என்பது சங்கத்தின் இரண்டாவது சட்டம். அப்போதுதான் யாரும் காட்டில் அநாதையாக நிற்க மாட்டோம்.

வளைவு ரோட்டில் பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவருக்குத் தெரியமாட்டார். ஆகவே ஒவ்வொரு வளைவிலும் நானா ஹார்ன் அடிப்பார், முதலில் போகிற நான் பதில் கொடுப்பேன். என் வண்டிக்கு ஹார்ன் கிடையாது. அது வருவது அரை மைலுக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும் என்று நானா சொல்வார். அதனால் நான் "ஓய்!" என்று கத்துவேன். நானாவின் ஹார்னில் ரப்பர் குமிழ் கிழிந்து ஒட்டுப் போட்டது. தொண்டை கட்டிய வாத்துப் போலக் கத்தும். நீளமாக ஒன்று, பிறகு குட்டியாக ஒன்று. மனுஷன் சிரிக்கிற மாதிரியே இருக்கும். அது கேட்காவிட்டால் எந்த வண்டியும் அங்கேயே நின்று, திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் மூன்றாவது சட்டம்.

அந்த வருடம் ஆறு வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்தது. பிறகு மழை வந்தது, கூடவே கொசு வந்தது. பால் வெட்ட ஆள் இல்லாமல் ரப்பர் மரங்களில் சிரட்டைகள் மழைத்தண்ணீரோடு தொங்கின. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு வீடு விடாமல் காய்ச்சல். சிங்களக் கிராமங்களிலும் அதே கதி. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா எங்கள் சங்கத்து ஆள். ஒருநாள் பேக்கரிக்கு வந்து, "மருந்து வந்திருக்கு, தூக்கிட்டுப் போக ஆள் இல்ல. நம்ம தகரங்களாலயாவது ஒரு பிரயோசனம் இருக்கட்டும்" என்றார். மறுநாளிலிருந்து நாங்கள் கொய்னா மருந்துப் போத்தல்களைச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டிக்கொண்டு மலையேறத் தொடங்கினோம். எங்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் லயத்து வாசலில் போர்வைக்குள் கிடந்தார்கள். நான் மேட்டில் தள்ளாடி ஓடியபோது ஒருத்தனும் எழுந்து பார்க்கவில்லை. சிரிக்க ஆள் இல்லாத மேடு எவ்வளவு செங்குத்து என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒவ்வொருவராகச் சங்கத்து ஆட்களும் படுத்தார்கள். டிஸ்பென்சர் ஐயாவும் படுத்தார். கடைசியில் மிஞ்சியது நானும் நானாவும். நானாவுக்கும் கொஞ்ச நாளாகவே காய்ச்சல் இருந்திருக்கிறது. முகம் சிவந்திருப்பதைக் கேட்டால், "பாண் சுடுற போறணைக்கு முன்னுக்கு நிண்டா ஒங்களுக்குந்தான் செவக்கும்" என்று மழுப்பிவிடுவார்.

அன்றைக்கு மேல் கணக்குக்கு மருந்து போக வேண்டும். தோட்டத்தின் உச்சியில் இருக்கிற பிரிவு அது. அங்கே மருந்து தீர்ந்து, பிள்ளைகள் ஜன்னி கண்டு கிடக்கிறார்கள் என்று கங்காணி ஆள் அனுப்பியிருந்தார்.

"நானா, இன்னைக்கு நீங்க முன்னால போங்க, சீக்கிரம் போய்ச் சேரும்" என்றேன்.

"சட்டம் சட்டந்தான் முதலாளி. ஒங்கள பின்னுக்கு விட்டா, ஒங்களயும் தேடோணும், ஒங்கட வண்டியயும் தேடோணும்."

நான் முன்னால் போனேன். வளைவுக்கு வளைவு வாத்து கத்தியது, நான் "ஓய்" என்றேன். மலை பாதி ஏறியிருப்போம். ஒரு வளைவில் வாத்து கத்தவில்லை. வண்டியைக் கிடத்திவிட்டுக் கீழே ஓடினேன்.

நானா தன் வண்டியை ஒரு ரப்பர் மரத்தில் சாய்த்துவிட்டு, மருந்துச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் கடகடவென்று அடிக்க, உடம்பு முழுதும் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு போத்தலைத் திறந்து அவர் வாயில் ஊற்றினேன். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தார். இன்னொரு வாய் கொடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"வீணாக்காதீங்க. என்ட வண்டிய எடுத்துக்கொண்டு மேல போங்க. ஒங்கட சாமான் இந்த மேட்டுக்குச் சரிவராது."

"ஒங்கள விட்டுட்டா? சட்டம் என்னாச்சு?"

"அந்த ஹார்னக் கழட்டி என்ட கையில தாங்க. நான் அடிச்சிக்கொண்டே ஈப்பேன். சத்தம் கேட்டா நான் உசிரோட ஈக்கிறன் எண்டு அர்த்தம், நீங்க போகலாம். சட்டத்த மீறின மாதிரியும் ஈக்காது."

ஹார்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மருந்துச் சாக்கை வாங்கி அவர் வண்டியில் கட்டினேன். சங்கத் தலைவர் அதுவரை கியர் வண்டி ஓட்டியதில்லை. முதல் உதையிலேயே அது என்னை ரப்பர் மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. நடுங்கிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் நானா, "அது ஓடுற வண்டி முதலாளி, நீங்க ஓட வேணாம், உக்காருங்க!" என்று கத்தினார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு அது. ஒவ்வொரு வளைவிலும் எஞ்சினை நிறுத்திக் கேட்டேன். கீழே பள்ளத்திலிருந்து வாத்து கத்தியது, நீளமாக ஒன்று, குட்டியாக ஒன்று. "ஓய்!" என்று கத்திவிட்டு ஏறினேன். இரண்டு மூன்று வளைவுக்குப் பிறகு சத்தம் மாறியது. குட்டிச் சத்தம் இல்லை. எல்லாம் ஒரே அளவாக, விடாமல், ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நடுக்கம் விட்டுவிட்டது, நானா தேறிவிட்டார், என்னை விரட்டுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே ஏறினேன்.

மேல் கணக்கில் லயத்து ஆட்கள் கையில் டின்னோடு வாசலுக்கு வந்திருந்தார்கள். "கீழ ஹார்ன் சத்தம் கேட்டுச்சுங்க, மருந்து வருதுன்னு எல்லாத்தையும் எழுப்பிட்டோம்" என்றார் கங்காணி. மருந்தை இறக்கினேன். நானாவைப் பற்றிச் சொன்னதும், எழுந்து நிற்க முடிந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொன்னார். நான் வண்டியைத் திருப்பினேன். இறங்கும்போதும் சத்தம் நிற்கவில்லை.

கடைசி வளைவைத் திரும்பினேன். நானா மரத்தடியில் நீட்டிப் படுத்திருந்தார். தலைக்குக் கீழே ஒரு துணி மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சிங்களப் பெண், தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, குந்தியிருந்து இரண்டு கையாலும் அந்த ஹார்னை அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பிறகும் அமுக்கினாள்.

"நவத்தன்ன எப்பா கியலா கிவ்வா, மஹத்தயா" என்றாள். நிறுத்த வேண்டாம் என்று சொன்னாராம்.

தன் கை ஓய்ந்துபோகும் என்று தெரிந்ததும் நானா, அந்த வழியாகத் தண்ணீருக்குப் போனவளைக் கூப்பிட்டு ஹார்னைக் கொடுத்திருக்கிறார். சத்தம் நின்றால் மேலே போகிற தடியன் மருந்தோடு திரும்பி வந்துவிடுவான், அவன் இங்கே வந்து சேரும்வரை அடி என்று சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை என்றாள். எப்போது மூச்சு நின்றது என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் அவள் கையிலிருந்து ஹார்னை வாங்கினேன். அமுக்கி அமுக்கி அவள் விரல்கள் மடங்கியபடியே நின்றன.

மேல் கணக்கு ஆட்கள், அவர்களும் நடுங்கிக்கொண்டே, நானாவைக் கம்பளியில் ஏந்திக் கீழே கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜனாஸா போனபோது சங்கத்துக்காரர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, எஞ்சினைக் கிளப்பாமல், வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தோம். நான் வழக்கம்போல மற்ற வண்டிகளுக்கு முன்னால். எனக்கும் முன்னால் சந்தூக்குப் பெட்டியில் நானா. வளைவு வந்ததும் என்னை அறியாமல் "ஓய்" என்று வாய் திறந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. டிஸ்பென்சர் ஐயா மட்டும் என் தோளில் கை வைத்தார்.

சங்கம் இப்போதும் இருக்கிறது. நான்தான் தலைவர், வண்டியும் அதேதான். பேக்கரியை நானாவின் மூத்த மகன் நடத்துகிறான். அந்த ஹார்னை அவன் கடை வாசலில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். பாண் வெந்து போறணையிலிருந்து இறங்கியதும் அதை அமுக்குவான், சனம் ஓடி வரும். எதிர்க்கடையில் நான் கருவாடு நிறுத்துக்கொண்டிருப்பேன். அமுக்குவது வேறு கை என்று நன்றாகத் தெரிந்தும், அந்த வாத்து கத்துகிற ஒவ்வொரு தடவையும், பின்னால் நானா வந்துகொண்டிருக்கிறார், நாம் முன்னால் போகலாம் என்று என் கால் ஒரு எட்டு எடுத்து வைத்துவிடுகிறது.