அபிஷேகத் தேன்

என் வயிற்றில் ஒரு குழாய் தொங்குகிறது. கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு, வீட்டிலேயே மெஷினில் மாட்டி டயாலிசிஸ் செய்துகொள்வது அதன் வழியாகத்தான். குழாய் வெளியே வரும் இடத்தில் கிருமி புகுந்து முற்றினால் அதை எடுத்துவிடுவார்கள். அப்புறம் சென்டருக்குப் போய்க் கையில் ஊசி குத்திக்கொண்டு கிடக்கவேண்டும். வேலையை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் அந்த இடம் லேசாகச் சிவந்ததும் பதறிப்போனேன். கிளினிக் நர்ஸ் சுத்திகரித்த மருத்துவத் தேனைக் கொடுத்து, வேறு எந்தத் தேனும் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா? ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் பாட்லக்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மறு சனிக்கிழமையே, எங்கள் ஊரான சுகர் லேண்டில் தமிழர்கள் எல்லோரும் பயப்படும் ஓர் ஆண்ட்டி ஜாடியோடு வந்து நின்றார்.

"கெமிக்கல் எல்லாம் எதுக்கும்மா? இது நம்ம கோயில்ல முருகனுக்கு அபிஷேகம் பண்ண தேன். இதை அப்ளை பண்ணு, ஒரே வாரத்துல சரியாயிடும்."

வாங்கிப் பார்த்தேன். பால் கலந்து வெளுத்திருந்தது. ஒரு பூவிதழ், செத்த எறும்பு, ஒரு நீள முடி. கல் முருகனுக்கு முடி ஏது? ஆண்ட்டி விரலை விட்டு எடுத்து நக்கினார். "என்னமா இனிக்குது!" அதே விரலை மறுபடி உள்ளே விட்டு என் பக்கம் நீட்டினார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். என் கணவரோ, "தேங்க்ஸ் ஆண்ட்டி, இன்னிக்கே போட்டுடறோம்" என்றார்.

சாயங்காலம் வழக்கம்போல் அவர்தான் கட்டு மாற்ற வந்தார். கை கழுவி, மாஸ்க் மாட்டி, எல்லாம் முறைப்படிதான். பஞ்சைக் கிட்டே கொண்டுவந்தபோது புளித்த பால் வாடை அடித்தது. மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒரே ஒரு சொட்டுதான். அவங்க கேட்டா பொய் சொல்ல வேண்டாமேன்னு..."

கையைத் தட்டிவிட்டு, ஜாடியை நானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். எறும்பையும் முடியையும் விட, நன்றாகக் கழுவிய அந்தக் கைதான் அருவருப்பாக இருந்தது. அன்றிலிருந்து பாத்ரூம் கண்ணாடி முன் நின்று நானே கட்டுப் போட்டுக்கொள்கிறேன். சிவப்பு அடங்கிவிட்டது, நர்ஸ் தந்த தேனாலா, வேறு எதனாலா, தெரியாது.

பிறகொரு நாள் மளிகைக் கடையில் ஆண்ட்டி எங்களைப் பிடித்துக்கொண்டார். "தேன் போட்டீங்களா?"

"போட்டோம் ஆண்ட்டி. சூப்பரா ஆறிடுச்சு" என்றார் என் கணவர், கொஞ்சமும் கூசாமல்.

இவ்வளவு லேசாக வாயில் வருகிற ஒரு பொய்யை மிச்சம் பிடிக்கத்தான் அன்றைக்கு என் வயிற்றைப் பணயமாகக் கேட்டார்.