ஒன்றும் ஆகாத வீடு

"கிணத்துத் தண்ணிதான் காரணம்னு நெனச்சேன். நான் நெனச்சது தப்பு. தண்ணி சுத்தமா இருக்கு" என்று அக்கா சொன்னபோது, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்கள் அதற்குள் வேறு எதையோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

அக்கா மலேசியாவின் ஈப்போவில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர். நான் அங்கே வண்டி ஓட்டி, தண்ணீர் மாதிரிகள் எடுத்துவரும் வேலையில் இருந்தேன். அவர் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் எங்கள் எல்லாருக்கும் அக்கா. ஆயர் தாவார் ஊருக்கு உள்ளே, ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பழைய தோட்டம் ஒன்றில் பதினோரு குடும்பங்கள் மிச்சமிருந்தன. முதலில் வாத்துகள் செத்தன. பிறகு நாய்கள். பிறகு மனிதர்களுக்கு வாந்தி, கை நடுக்கம், வாயில் நிற்காமல் ஊறும் எச்சில். கிளினிக்கில் மருந்து கொடுத்தால் குணமாகும்; வீடு திரும்பினால் மறுபடி வரும். கடைசி வீட்டில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. செய்வினை என்ற சொல்லை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. தோட்டத்து வேலைகளை மேற்பார்த்த மண்டோர் மட்டும், "எல்லா வீட்லயும் சீக்கு, அந்தம்மா வீட்ல மட்டும் இல்ல. படிச்சவங்க நீங்களே பாருங்க லா" என்றார்.

அக்கா பார்க்கத்தான் செய்தார். கிணறு காரணமில்லை என்றானதும் அவர் நேராகப் போய் நின்ற இடம் அந்தக் கடைசி வீடு. மற்றவர்களைப் பயமுறுத்திய அதே விஷயத்தில்தான் அவருக்கு வழி தெரிந்தது. ஒரே கிணறு, ஒரே சந்தைக் காய்கறி, ஒரே காற்று. அப்படியானால் இந்த வீட்டில் எது வேறாக இருக்கிறது? அடுப்படியை வெகுநேரம் சுற்றிப் பார்த்தார். பிறகு மற்ற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். அங்கெல்லாம் தண்ணீர் நீல பிளாஸ்டிக் டிரம்மில் இருந்தது. லாரியில் வந்த யாரோ மலிவாக விற்ற பழைய டிரம்கள். இந்த அம்மா மட்டும் புருஷன் கட்டிவைத்த சிமெண்டுத் தொட்டியை விடவில்லை.

"டிரம்தான்க்கா. சொல்லிடுங்க" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. கிணத்தப் பத்தியும் இப்படித்தான் தோணுச்சு" என்றார்.

இரண்டு டிரம்களிலும் இரண்டு புதுக் கண்ணாடி ஜாடிகளிலும் ஒரே கிணற்று நீரை நிரப்பி மூன்று நாள் விட்டார். மாதிரிப் புட்டிகளில் வெறும் எண்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்றார். எது எதிலிருந்து வந்தது என்று தெரிந்தால், சோதிப்பவர் தான் எதிர்பார்த்ததையே பார்த்துவிடுவாராம். லயத்துக்காரர்களிடம், "முடிவு வர்ற வரைக்கும் டிரம் தண்ணியத் தொடாதீங்க" என்றார்.

"அப்ப டிரம்தான்னு சொல்றீங்களா?" என்று மண்டோர் கேட்டார்.

"இன்னும் தெரியாதுண்ணே. நாலு நாள் குடுங்க."

நேர்மையான பதில்தான். ஆனால் அவர்கள் காதில் 'தெரியாது' என்பது மட்டும் விழுந்தது.

மூன்றாம் நாள் காலை மண்டோரின் பேத்திக்கு வலிப்பு வந்தது. மண்டோர் வீட்டில் டிரம் தண்ணீரை நிறுத்தவே இல்லை என்று பிறகு தெரிந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று மத்தியானமே கடைசி வீடு எரிந்தது. அந்த அம்மா சந்தைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். மறுநாள் முடிவு வந்தது. ஜாடித் தண்ணீர் சுத்தம். டிரம் தண்ணீரில், முன்பு அந்த டிரம்களில் இருந்த பூச்சிமருந்து. டிரம்களை அப்புறப்படுத்தினார்கள், சீக்கு நின்றது, பிள்ளையும் தேறியது.

தெலுக் இந்தானில் மகள் வீட்டில் இருந்த அந்த அம்மாவிடம் முடிவைச் சொல்ல அக்காவே போனார். அவர் நீட்டிய தாளை அந்த அம்மா வாங்கவில்லை.

"என் மேல தப்பில்லன்னு கண்டுபிடிக்க நாலு நாள் ஆச்சாம்மா?"

அக்கா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பும் வழியில், ஈப்போ நெருங்கும்போது என்னிடம் சொன்னார். "இன்னொரு தடவ நடந்தாலும் நாலு நாள் கேக்கத்தான் செய்வேன். ஆனா அந்தம்மாவ அங்க விட்டுட்டு வர மாட்டேன்."

இன்று அந்த லயம் இல்லை. செம்பனை சாலை ஓரம் வரை வந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் ஈப்போவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வேலை செய்கிறார்கள். தண்ணீரில் இருந்தது என்ன என்று நாங்கள் கண்டுபிடித்தோம். தீ வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் அவர்களில் ஒருவர் எதிர்ப்பட்டு, "அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்தபடி கை நீட்டுவார். நானும் பிடித்துக் குலுக்குவேன். முகத்தைப் பார்க்கத் தோன்றாது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.