சகலை நிலத்தில் மடக்கிய கிடை

காணைக்குப் பக்கத்தில் எனக்கும் என் சகலைக்கும் நிலம் அடுத்தடுத்து இருக்கிறது. இரண்டும் மாமனார் கொடுத்தவை. நடுவில் ஒரு வரப்புதான். மூத்த மருமகன் என்று மேட்டு நிலத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார் மாமனார். எனக்குத் தாழ்வானது. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பனி மாதங்களில் இருவருமே முட்டைக்கோஸ் வைப்போம். அவர் அறுப்பு தொடங்கினால் என் மனைவி வரப்பில் போய் நின்றுவிடுவாள். “அக்கா வூட்டு கோசு கல்லாட்டம் கீதுங்க” என்பாள். என் கோஸை அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும் என்பதுதான் போன வருடம் முழுக்க என் நினைப்பு.

மண்ணில் சத்து இல்லாவிட்டால் கோஸ் வெறும் இலையாக விரிந்து நிற்கும், உருண்டு இறுகாது. அதற்கு ஆட்டுக்கிடை போல வேறொன்றும் கிடையாது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கிய நிலத்தில் கிடைக்காரர் இரவில் ஆடுகளை மடக்கிவைப்பார். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். இந்த முறை கிடையை என் நிலத்துக்குக் கேட்டுவிடுவது என்று டீக்கடைக்குப் போனேன். கிடைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள். எனக்கு வாய் வரவில்லை.

அதற்குள் சகலை பைக்கில் வந்து இறங்கி நேரே கிடைக்காரரிடம் போனார்.

“இன்னா மாமா, இந்த வருசம் நம்ம நெலத்துல மடக்கறதில்லியா?”

“நீ கேட்டு இல்லன்னுவனா? நாளிக்கே மடக்கறேன்.”

சகலை என்னைப் பார்த்தார். “உனுக்கும் சொல்லட்டுமா சகல?”

“வேணாண்ணா, எங்கிட்ட குப்பை கீது” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆடுகள் அவர் நிலத்தில் படுத்தன. வாசனை மட்டும் காற்றில் என் பக்கம் வந்தது. நான் மாட்டுச் சாணக் குப்பையை இறைத்து, சாம்பல் தூவி, கட்டிகளை மண்வெட்டியால் உடைத்தேன். தண்ணீர் ஓடிவிடாமல் நிற்கட்டும் என்று சரிவுக்குக் குறுக்கே மண்ணை வரிசை வரிசையாக மேடாக அணைத்துப் பார் பிடித்தேன். முதுகு ஒடிகிற வேலை. யாரும் வந்து பார்க்கவில்லை.

கிடை எழுந்ததும் நிலத்தை உழுது புழுக்கையை மண்ணுக்குள் தள்ளிவிட வேண்டும். சகலை தன் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குத் திண்டிவனம் போய்விட்டார், வந்து உழுதுகொள்ளலாம் என்று. அன்றே மழை பிடித்துக்கொண்டது. வரப்பு உடைந்து, மேட்டிலிருந்த புழுக்கையெல்லாம் கறுப்பாக மிதந்து என் நிலத்துக்குள் வந்தது. என் பார்கள் அதைத் தாண்டவிடவில்லை. தண்ணீர் வடிந்தபோது பாருக்குப் பார் வண்டலாகப் படிந்திருந்தது. ஈரம் பதமானதும் அதை அப்படியே கொத்திப் பாரில் அணைத்து நாற்று நட்டேன்.

ஊரிலிருந்து வந்த சகலை உடைந்த வரப்பில் நின்று பார்த்தார்.

“இன்னா சகல, பந்தி எனக்கு, சாப்பாடு உனுக்கா?” என்று சிரித்தார்.

நானாக இருந்தால் ஒரு வாரம் சோறு இறங்கியிருக்காது. அவருக்குச் சிரிக்கவும் முடிகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தை மாதம் கோஸ் திரண்டது. விழுப்புரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகும் டெம்போ வருவதற்குள் நான் அறுத்துக்கொண்டிருந்தேன். மனைவி குனிந்து ஒரு கோஸை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள்.

“கல்லாட்டம் கீதுங்க.”

எனக்கு முகம் சூடானது. அவள் பார்த்துவிடக் கூடாது என்று இன்னும் குனிந்துகொண்டேன்.

“பின்ன, அக்கா வூட்டு மாமா மடக்குன கிடையாச்சே” என்றாள். இருந்ததிலேயே பெரிய கோஸாகப் பார்த்து அக்கா வீட்டுக்கென்று தனியாக எடுத்துவைத்தாள்.

குறுக்கே பார் பிடித்தது யார் என்று கேட்கலாம் போலிருந்தது. அடுத்த கோஸை அறுத்தேன். அதுவும் கல்லாகத்தான் இருந்தது.