மரக்காலைக் கழகத்தின் திருகோணமலைத் தலைவர்

கனகசபை போய்விட்டான் என்ற செய்தி நான் வேலை செய்யும் சீனன்குடாக் கந்தோரில், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டு நின்றபோது எனக்கு வந்தது. சம்பூரிலிருந்து தோணியில் வந்த அவனுடைய மைத்துனன் வாசலில் நின்றபடியே, "அண்ணை, அத்தான் காய்ச்சலோட போயிட்டார்" என்றான். "எங்க போயிட்டார்?" என்று கேட்டேன். ஓரிடத்தில் கால் தரிக்காத மனிதன் அவன். போய்விட்டான் என்றால் எங்கேயோ புறப்பட்டுவிட்டான் என்றுதான் எனக்குப் பட்டது. பொடியன் தலையைக் குனிந்த பிறகுதான் விளங்கியது.

அவனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். துறைமுகத்தில் சாமான் இறக்கும் இடத்துக் கிளாக்கராக அவனைப் பலருக்குத் தெரியும். பிள்ளையார் கோயில் சபையின் சண்டைக்காரனாக அதைவிடப் பலருக்குத் தெரியும். ஆனால் அவன் ஒரு நோர்வே ஐஸ் ஹாக்கிக் கழகத்தின் தலைவராக இருந்தான் என்பது எங்கள் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். நான் அதன் உபசெயலாளர். சிரிக்காதீர்கள். முதலில் சிரித்தவன் நான்தான்.

யப்பான்காரன் குண்டு போட்டு ஊர் கலைந்து, பிறகு பயந்து பயந்து கூடிய அடுத்த தை மாதத்தில், இயந்திரம் பழுதான நோர்வேச் சரக்குக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் வந்து கிடந்தது. அதில் ஓலாவ் என்ற இஞ்சினியர். திருத்த வேலை இழுபட இழுபட, அவன் பின்னேரங்களில் எங்களோடு வந்து இறங்குதுறையில் இருப்பான். அவனுடைய ஊர்ப் பெயரைச் சொல்ல எங்கள் நாக்கு வளையவில்லை. அங்கே மரம் அரியும் ஆலை இருக்கிறது என்று கேட்டதும் கனகசபை அதற்கு 'மரக்காலை' என்று பெயர் வைத்துவிட்டான். அந்த ஊர்க் கழகத்தின் செயலாளர் ஓலாவ்.

கழகத்தின் கதையை அவன் சொன்ன பின்னேரங்கள் எனக்கு இன்னும் அரைத் தூக்கத்தில் கேட்டவைபோல இருக்கின்றன. மாரியில் அவர்களுடைய குளம் இறுகிவிடுமாம். ஆலைத் தொழிலாளர் சிலர் விளக்குமாற்றால் வெண்பனியைக் கூட்டித் தள்ளிவிட்டு, வளைந்த தடிகளால் பந்தடிக்கத் தொடங்கினார்களாம். கனடாக்காரரின் முறை வந்த பிறகு பந்து போய் றப்பர் வட்டு வந்தது. முதல் மாரியில் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. சட்டைக்கு வாங்கிய சிவப்புத் துணி சாயம் போய், அடுத்த மாரியில் எல்லோரும் ரோசா நிறத்தில் ஆடினார்களாம். கனகசபை இதையெல்லாம் எனக்குத் திருப்பிச் சொல்லுவான், நான் பக்கத்தில் இருந்து கேட்டிருந்தாலும்.

"குளம் தயிர் மாதிரி உறைஞ்சு போகுமாம், மச்சான். மேல வண்டிலும் ஓட்டலாமாம்."

"ஓம், நீ ஓட்டு. மாட்டுக்கு ஆர் சப்பாத்துப் போடுறது?" என்பேன்.

கழகம் இப்படி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அவர்களுடைய நாட்டை ஜேர்மன்காரன் பிடித்தானாம். விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் தங்கள் கந்தோரின் கீழ் வரவேண்டும் என்றது புதிய அரசாங்கம். விளையாட்டுக்காரர் மாட்டோம் என்றார்கள். ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். மாரி வந்தது, குளம் இறுகியது, ஒருவரும் இறங்கவில்லை. சும்மா இருந்து சண்டை பிடித்தவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லும்போது ஓலாவின் குரல் இறங்கிவிடும்.

அவனுடைய பயம் வேறு. ஆண்டுக்கூட்டத்தை மாரியில் பனிக்கட்டியின் மேல் நின்றே நடத்த வேண்டும் என்பது கழகத்தைத் தொடங்கியவர்கள் வைத்த விதி. குறைந்தது மூன்று பேர் வரவேண்டும். மூன்று பேர்தான் என்றால் மூன்று கையும் உயரவேண்டும். தொடர்ந்து மூன்று மாரி கூட்டம் நடக்காவிட்டால் கழகம் கலைந்துவிடும். ஊரில் கூட்டம் வைக்கப் புதிய அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அதை அவர்கள் கேட்கப்போவதில்லை. இரண்டு மாரி போய்விட்டது. மூன்றாவது அப்போது போய்க்கொண்டிருந்தது.

"போகட்டுமே. சண்டை முடிய வேறொரு கழகம் தொடங்கலாம்தானே?" என்றேன். கனகசபை என்னைக் கெட்ட வார்த்தை சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ஆள் செத்தாக் கொள்ளி வைக்கலாம். கூட்டம் தப்பினா எதுக்கு மச்சான் கொள்ளி வைக்கிறது?"

அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் அவனுடைய மூளை. கோயிலைத் திருத்தும்போது சாமியைச் சும்மா விடுவதில்லை. பாலஸ்தாபனம் செய்து, சிறு கொட்டிலில் வைத்து, பூசை தவறாமல் நடத்துவோம். திருப்பணி முடிந்ததும் உள்ளே கொண்டுபோவோம். "உங்கட கழகத்துக்கும் அதுதான் செய்யவேணும். திருகோணமலையில வைச்சிருப்பம். வீடு திருந்தினாப் பிறகு கொண்டு போங்கோ" என்று ஓலாவுக்கு அரைமணி நேரம் இங்கிலீசில் விளக்கினான். ஓலாவ் கடைசியில் ஒன்றுதான் கேட்டான்: "பனிக்கட்டிக்கு எங்கே போவது?"

துறைமுகத்துக்குப் பின்பக்கத்தில் ஐஸ் ஆலை இருந்தது. விளிம்பு உடைந்த மூன்று பெரிய கட்டிகளைக் கனகசபை கேட்டு வாங்கி, தகரக் கொட்டிலின் கீழ் மரத்தூளைப் பரப்பி வைத்தான். செயலாளரின் அதிகாரத்தால் ஓலாவ் எங்கள் இருவரையும் அங்கத்தவராக்கினான். சப்பாத்தைக் கழற்றி ஆளுக்கொரு கட்டியில் ஏறினோம். கனகசபை ஏறியவுடன் வழுக்கி விழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினான். ஐஸிலிருந்து வெண்புகை எழும்பி முழங்காலைச் சுற்றியது. கால் மரத்த பிறகு உடம்பே என்னுடையதாக இல்லை. கொட்டிலுக்கு வெளியே தெரிந்த வெயிலும் கடலும் கப்பல்களும் வேறு யாருடைய ஊரோ என்று இருந்தது. ஓலாவ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவன் எங்கே நிற்கிறான் என்று நான் கேட்கவில்லை. கனகசபை தலைவரானான், நான் உபசெயலாளரானேன், மூன்று கைகள் உயர்ந்தன, கட்டிகள் பாதியாகுமுன் கூட்டம் முடிந்தது. அந்தக் கிழமையே கப்பல் போய்விட்டது.

அடுத்த மாசியில் கூட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. கனகசபை தன் மனைவி தங்கத்தைச் சேர்த்தான்.

"இஞ்சாருங்கோ, ஐஸில ஓடுற வெள்ளைக்காரருக்கு என்ர கை எதுக்கு? குசினியில உலை கொதிக்குது."

"கையைத் தூக்கிப்போட்டு வந்து சோறு வடி. கழகம் ஒரு வருஷம் நிக்கும்."

"உங்களைக் கட்டின பாவத்துக்கு இன்னும் எதில எல்லாம் ஏறவேணுமோ!" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காலைத் தேய்த்துத் தேய்த்துத் திட்டினாள். அதற்கடுத்த மாசியிலும் வந்தாள், திட்டினாள்.

தலைவரான பிறகு அவனுக்குத் துறைமுகத்தைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. காற்று விழுந்த மத்தியானங்களில் தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது, எழுதுகிற வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பான். "இப்ப இறுகினா, மச்சான், சீனன்குடாவுக்கு நடந்தே வந்து உன்னோட தேத்தண்ணி குடிப்பன்." ஒருநாள், கனவில் தான் கோல் காத்ததாகவும், வட்டு வேட்டி மடிப்புக்குள் போய்விட, எல்லோரும் பனியில் நின்று தேடியதாகவும் சொன்னான். "கிடைச்சதோ?" என்று கேட்டேன். "கிடைக்கமுதல் இவள் எழுப்பிப்போட்டாள்" என்று உண்மையாகவே கவலைப்பட்டான். சண்டைக் கப்பல்கள் நிறைந்த துறைமுகத்தில் அப்படி ஒரு மனிதனோடு பழகக் கிடைத்தது என் அதிர்ஷ்டம். அப்போது அதை விசர் என்றுதான் சொன்னேன்.

நோர்வே விடுதலையான செய்தியை றேடியோவில் கேட்டுவிட்டு என் கந்தோருக்கு ஓடி வந்தான். "திருப்பணி முடிஞ்சுது. சாமியை உள்ளுக்கு விடவேணும்." அன்றிலிருந்து வருகிற கப்பல்களின் கொடியை எல்லாம் பார்த்தான். நோர்வேக் கொடி வரவில்லை, காய்ச்சல்தான் வந்தது. சம்பூருக்குத் தாயிடம் போகத் தோணியில் ஏறும்போது என் கையைப் பிடித்தான். கை நெருப்பாகச் சுட்டது. "கப்பல் வந்தா நீ ஒப்படைச்சிடு. சும்மா தூக்கிக் குடுக்காத. கூட்டம் வைச்சுக் குடு." இதுதான் அவன் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

யப்பான் சரணடைந்த பிறகுதான் நோர்வேக் கப்பல் ஒன்று வந்தது. ஹான்ஸ் என்ற இளம் மாலுமி கந்தோர் கந்தோராக விசாரித்து என்னிடம் வந்து சேர்ந்தான். அவனும் மரக்காலை ஊர்தான், கழகத்தில் ஆடியவன். ஓலாவ் உயிரோடு ஸ்கொத்லாந்தில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், கழகம் திருகோணமலையில் பத்திரமாக இருக்கிறது, வாங்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னான். ஊரில் ஒரு கூட்டமும் நடக்கவில்லை. விதிப்படி பார்த்தால் அங்கே கழகம் இல்லை, இங்கேதான் இருக்கிறது. "தலைவர் எங்கே?" என்று கேட்டான். நான் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டு என் கதிரையில் இருந்துவிட்டான்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்து தங்கம் டவுன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். நான் போய்ச் சொன்னதும் புறப்பட்டாள். புருஷனை இழந்தவள் வெளிக்கிடுகிறாள் என்று அயலில் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாரிக்கு இன்னும் காலம் கிடந்தது. அதற்குள் கப்பல் போய்விடும். கட்டி இருக்கிற இடத்தில் மாரி என்று வைத்துக்கொள்ளலாம் என்றான் ஹான்ஸ். அதே கொட்டில், மூன்று கட்டிகள், மூன்று பேர். கழகத்தை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது என்ற தீர்மானத்தை நான் சொன்னேன். நான் கை தூக்கினேன். ஹான்ஸ் தூக்கினான். தங்கம் தூக்கவில்லை.

"பிள்ளை, கை" என்றேன்.

"அவர்ர உடுப்பெல்லாம் குடுத்தாச்சு, அண்ணை. கட்டிலைச் சம்பூருக்குக் கொண்டு போயிட்டினம். அவர் ஆசையா வைச்சிருந்ததில இது ஒண்டுதான் மிச்சம். இதையும் கேக்கிறியள்."

ஹான்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவன் தன் கையை மெல்ல இறக்கிக்கொண்டான். கொடு என்று அவளிடம் கேட்க அவனுக்கும் மனம் வரவில்லை. கட்டிகள் உருகி மரத்தூளுக்குள் தண்ணீர் ஓடியது. அவளுடைய கட்டி ஒரு பக்கம் சரியத் தொடங்கியது. இறங்கிவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாவிட்டால் கனகசபை காத்தது எங்கேயும் போய்ச் சேராது. அவள் காலைக் கூட்டி, சரிவில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கோயில் முடிஞ்சா சாமியைக் கொட்டில்ல வைச்சிருக்கக் கூடாதெண்டு அவர்தானே சொல்லுவார்" என்றாள் கடைசியில். "கொண்டு போகச் சொல்லுங்கோ." கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்காமல் அழுதாள். நாங்களும் மறுபடி தூக்கினோம்.

கழகம் போய்விட்டது. வருகிற மாரியில் மரக்காலைக் குளம் இறுகும்போது பிள்ளைகள் இறங்கி ஆடுவார்கள், கூட்டம் வைத்து யாரையாவது தலைவராக்குவார்கள். ஆக்கட்டும். ஆனால் கனகசபையைப் பதவியிலிருந்து விடுவிப்பதற்கும் ஒரு தீர்மானம் வேண்டும். அதை நான் முன்மொழியவில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன். கழகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்; என் தலைவனை நான் வைத்துக்கொண்டேன்.