எட்டாவதாக என் போன் அடித்தது

எங்கள் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டிய அன்று காலையில்தான் என் சிநேகிதி தெய்வானையின் குரல் எனக்குக் கடைசியாக வந்தது. "சரோ, கொஞ்சம் இருமலா இருக்குடி. ஒண்ணும் இல்ல, குளிருக்குத்தான். நீ பயப்படாத" என்று போனில் பேசி அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு நாலு நாள் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த நாலு நாளில் மாரியம்மன் தாய் எனக்குச் செய்ததை நம் வெள்ளிக்கிழமை பூசையில் வாயால் சொல்லப் பார்த்தேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. அதனால்தான் எழுதித் தருகிறேன்.

ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாருடைய குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்கிற வேலை. பட்டிப்பொலப் பக்கம் தெய்வானைக்கும் நோட்டன் பிரிட்ஜில் மேரிக்கும் இதே வேலைதான். பல வருஷத்துக்கு முன் ஹட்டனில் நடந்த பயிற்சியில் மூன்று பேருக்கும் ஒரே அறை. அன்றைக்குப் பிடித்த சிநேகம் இன்றுவரை விடவில்லை.

கொரோனாவின் இரண்டாவது வருஷம் எல்லாம் மறுபடி மூடப்பட்டபோது எங்களுக்கு மிச்சமிருந்தது போன் ஒன்றுதான். காலையில் தேத்தண்ணி குடித்ததும் அவரவர் வாசலில் என்ன பூத்திருக்கிறதோ அதைப் படம் எடுத்து அனுப்புவோம். மேரி அந்தூரியம் அனுப்புவாள். நான் டேலியா. தெய்வானை வீட்டில் கொத்துக் கொத்தாக ஒரு நீலப்பூ பூக்கும். அதன் பெயர் எங்கள் மூன்று பேருக்குமே தெரியாது. பூவோடு சேர்த்து ஊர்ப்பேச்சும் வரும். ரொட்டி விற்கிற பாண் வண்டி வந்ததா, கோழி அடைக்கு உட்கார்ந்ததா, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் பேசுவோம். சிரித்துக்கொண்டே தொடங்குவோம். முடிக்கும்போது யாராவது ஒருத்தி அழுவாள்.

அந்த வாரம், பத்து வீடு ஒரே வரிசையாக இருக்கிற எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொற்று என்று வந்தது. சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயா வந்து பத்து வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார். "பதினாலு நாளைக்கு யாரும் வெளிய எறங்கக் கூடாது" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் உள்ளேயே இருந்தோம்.

மறுநாள் காலை டேலியாப் படத்தை அனுப்பினேன். மேரி பார்த்தாள். தெய்வானை பார்க்கவில்லை. அவளுக்குப் போன் எடுத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்து தடவை எடுத்திருப்பேன். மேரியும் எடுத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷச் சிநேகத்தில் அவள் நம்பரைத் தவிர அவளைச் சேர்ந்த வேறு ஒருவருடைய நம்பரும் என்னிடம் இல்லை. அவளுடைய புருஷன் செத்துப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் மேரி வழியாக ஒரு சேதி கிடைத்தது. அவளுக்குத் தெரிந்த ஒருவர் பட்டிப்பொலப் பக்கம் மரக்கறி லொறி ஓட்டுகிறவர். தெய்வானையை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியாதாம்.

அதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. பயிற்சிக்குப் போயிருந்த நாளில் தெய்வானையின் காலில் ஆணி ஏறி, டாக்டர் ஒரு பெனிசிலின் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி மூச்சு நின்றுபோகப் பார்த்தது. என் மடியில்தான் கிடந்தாள். பிழைத்ததே பெரிசு. "இனி இந்த மருந்து இவருக்கு ஆகவே ஆகாது" என்று டாக்டர் அவளுடைய கிளினிக் கொப்பியில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டா அம்புலன்ஸில் ஏறியிருப்பாள்? மூச்சு வாங்குகிற நேரத்தில் இதையெல்லாம் சொல்ல அவளால் முடியுமா?

எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி நம்பருக்கெல்லாம் எடுத்தேன். சிலது கிடைக்கவே இல்லை. கிடைத்த இடத்தில், பாவம், அவர்களும் தேடிப் பார்த்துவிட்டு அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். ஒரு உயிரைக் காப்பாற்றுகிற வார்த்தை என் வாயில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு காது இல்லை. கதவைத் திறந்து ஓடவும் வழி இல்லை. அந்த மாதிரி ஒரு கையாலாகாத்தனத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

"போய்ச் சேரவும் முடியாது, சொல்லவும் ஆளில்ல. நான் என்னங்க செய்வேன்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் அதிகம் பேசாத மனுஷர். "நம்ம கையில இல்லாதத யார் கையில குடுக்கணுமோ அங்க குடு புள்ள" என்றார்.

கோயிலும் பூட்டிக் கிடந்தது. வீட்டில் இருக்கிற மாரியம்மன் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். விளக்கு ஏற்றக்கூடக் கை வரவில்லை. நேர்த்திக்கடன் வைக்கவும் தோன்றவில்லை. "தாயே, எனக்கு ஒரே ஒரு காதக் குடு. யாராவது ஒருத்தர் கேக்கட்டும்" என்றுதான் சொன்னேன். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் மேரி அழைத்தாள். அவள் தம்பியும் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் இருந்தான். "சரோ, தம்பி போயிட்டான்டி. மொகத்தக்கூட காட்ட மாட்டாங்களாம்" என்றாள். அழக்கூடத் தெம்பில்லாத குரல். நானும் சேர்ந்து அழுதேன். போனை வைத்த பிறகு படத்தை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. மேரி ஜெபம் செய்யாமலா இருந்தாள்? என்னைவிட நூறு மடங்கு நம்பிக்கை உள்ளவள் அவள். அப்படியென்றால் நான் கேட்பது எங்கே போய்ச் சேரும்? இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் காலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. என்றாலும் உட்கார்ந்தேன். வேறு போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்தேன்.

பத்து மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. தெய்வானை என்று பெயர் விழுந்தது. ஈரக்கையோடு எடுத்தேன். "ஏய் தெய்வானை!" என்று கத்தினேன்.

வேறொரு பெண் குரல் சிங்களத்தில் பேசியது. "ஒயா தெய்வானைகே கவுத?" நீங்கள் தெய்வானைக்கு என்ன உறவு என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. செத்த சேதி சொல்லத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். "யாளுவா" என்றேன். சிநேகிதி என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர் பெயர் சந்திரா. சிகிச்சை நிலையத்தில் தெய்வானைக்கு அடுத்த கட்டிலில் இருந்த அம்மா. அவருக்கும் அதே நோய்தான். தெய்வானையின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டதாம். முகத்தில் ஒட்சிசன் மாஸ்க் போட்டு, காய்ச்சல் மயக்கத்தில் கிடக்கிறாளாம். வீட்டு ஆட்கள் யாருக்காவது தெரியட்டும் என்று, அவளிடம் கேட்டு, அவளுடைய சிம்மை எடுத்துத் தன் போனில் போட்டிருக்கிறார்.

நான் முழுதாகக் கேட்கவில்லை. "அக்கே! பெனிசிலின் எபா! எயாட்ட பெனிசிலின் எபா!" என்று அலறினேன். அவளுக்கு அது வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "மிஸ்! மிஸ்!" என்று நர்ஸைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

நர்ஸுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. முகம் வீங்கியது, மூச்சு நின்றது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, இப்ப டொக்டர் புது மருந்து எழுதினது. அந்த பெனிசிலின் சாதிதான். இன்னும் குடுக்கல்ல. நாங்க கேட்டது, இவங்க எல்லாத்துக்கும் தலைய மட்டும் ஆட்டினது. நீங்க பயப்பட வேணாம், மாத்துறோம்" என்றார்.

நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து தூக்கினார். ஒரு காதுதான் கேட்டேன். சரியான நேரத்தில், சரியான கட்டிலுக்குப் பக்கத்திலேயே மாரியம்மா ஒரு காதை வைத்திருந்தாள்.

அதன் பிறகும் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு தரம் தெய்வானைக்கு மிகவும் மோசமானது. சந்திரா அக்காதான் தினமும் சேதி சொன்னார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இன்றைக்கும் ஏற்றத்தில் நடந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும்.

ரயில் ஓடத் தொடங்கியதும் நானும் மேரியும் பட்டிப்பொலவுக்குப் போனோம். எங்களைக் கண்டதும் தெய்வானை வாசலுக்கு இறங்கி வந்தாள். பிறகு மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் தம்பிய குடுக்காம என்னைய மட்டும் எதுக்குடி திருப்பிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். மேரி அவளைக் கட்டிக்கொண்டு, "அது எனக்குத் தெரியாதுடி. நீ இருக்க, அது போதும்" என்றாள். எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேசவும் மாட்டேன்.

ஆனால் நான் மாறியிருக்கிறேன். முன்பெல்லாம் என் வீடு, என் பிள்ளைகள் என்றுதான் கும்பிடுவேன். இப்போது படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். தெரிந்தவர்களுடைய நோய் வருத்தம், ஆகாத மருந்து, பக்கத்து வீட்டு நம்பர் எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு பெயராகச் சொல்லித்தான் வெள்ளிக்கிழமை கும்பிடுகிறேன். மேரி தம்பியின் பெயரையும் சொல்கிறேன்.

அக்கா தங்கச்சிமாரே, கையில் ஒன்றும் இல்லாமல், நம்பிக்கையும் இல்லாமல் போகிற நாள் உங்களுக்கும் வரலாம். அன்றைக்கும் போய் அம்மா முன்னால் உட்காருங்கள். வெறுங்கையோடு உட்கார்ந்தாலும் பரவாயில்லை.

நாங்கள் போன அன்று பட்டிப்பொலவிலிருந்து சந்திரா அக்காவோடு போனில் பேசினோம். தெய்வானையின் சிம்மில் இருந்த பெயர்களெல்லாம் தமிழில் இருந்ததால் அவருக்கு வாசிக்கத் தெரியவில்லையாம். வரிசையாக ஏழு நம்பருக்கு எடுத்திருக்கிறார். சிலது வேலை செய்யவில்லை, சிலதை யாரும் எடுக்கவில்லை. அவருக்கே இருமல் தாங்கவில்லை, படுத்துவிடலாம் என்று போனைக் கீழே வைத்தாராம். பிறகு திரும்ப எடுத்து எட்டாவதையும் அழுத்தியிருக்கிறார்.

"ஏன் அக்கே, இன்னொன்னு எடுக்கணும்னு தோணிச்சு?" என்று தெய்வானை தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாள்.

"நிகங்" என்று அவர் சிரித்தார். சும்மாதான் என்று அர்த்தம்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.