இடுப்புக்கு ஏற்ற துப்பாக்கி

எங்கள் கடைக்கு வருகிற பெரியவர் ஒருவர் தினமும் கீழ்த்தட்டிலிருந்துதான் பால் எடுப்பார். மேல்தட்டில் இருப்பதும் அதே பால்தான் என்று சொன்னால் கேட்கமாட்டார். குனியும்போது சட்டை மேலே ஏறும். இடுப்பிலிருந்து கறுப்பாக ஒரு துப்பாக்கி எட்டிப் பார்க்கும். பின்னால் வரிசையில் நிற்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை வருமா என்று சாவகாசமாக என்னிடம் கேட்பாள். நாமக்கல் பக்கம், எங்கள் எருமப்பட்டியில் ஆம்பிளைகள் குனிந்தால் தெரிவது பச்சை பெல்ட். வேட்டிக்கு மேல் கட்டுவது, உள்ளங்கை அகலம், பை வைத்துத் தைத்தது. பணம், பாக்கு, போன், மோட்டார் ரூம் சாவி எல்லாம் அதற்குள் அடக்கம். டெக்சாஸுக்கு வந்த புதிதில் இந்தத் துப்பாக்கிகளைப் பார்த்தாலே கவுண்டருக்குக் கீழே குனிந்துகொள்வேன். இப்போது அந்தப் பெரியவர் சட்டையை இழுத்துவிட மறந்தால் நானே "சார், சட்டை" என்று ஞாபகப்படுத்துகிறேன். மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகாது!

பெட்ரோல் பங்கை ஒட்டிய சின்னக் கடை எங்களுடையது. நானும் என் வீட்டுக்காரர் செந்திலும்தான் முதலாளி, நாங்களேதான் வேலைக்காரர்களும். ஒரு மத்தியானம் அவர் சரக்கெடுக்கப் போயிருந்த நேரம், ஒருத்தன் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று கத்தியைக் காட்டினான். கல்லாவைத் திறந்துவிட்டேன். அள்ளிக்கொண்டு போய்விட்டான். என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாள் கடைக் கதவில் கை வைத்தவள் அதைத் தள்ளாமலேயே காருக்குத் திரும்பிவிட்டேன். அதற்கடுத்த நாளும் அப்படியே. காரிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு வீடு திரும்புவேன். செந்தில் ஒற்றை ஆளாக நின்று முகம் கறுத்து இளைத்துப் போனார். சம்பளத்துக்கு ஆள் வைக்கிற அளவுக்குக் கடை ஓடவில்லை. ஒன்று, நான் மறுபடி கவுண்டரில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போக வேண்டும். அப்பாவிடம் போனில் சொன்னேன். "வித்துப்போட்டு வந்துரு சாமி. மேல் ரூம் சும்மாதான கெடக்குது" என்றார். எனக்கும் அதுதான் ஆசை, ஆனால் செந்திலின் பத்து வருஷ உழைப்பு அந்தக் கடையில் கிடந்தது.

செந்தில் சேலம் அஸ்தம்பட்டிக்காரர். தான் டவுன் ஆள், நான் கோழிப்பண்ணைப் பிள்ளை என்பதில் அவருக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. "ஊரோட ஒத்துப் போகோணும். உனக்கு ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கிரலாம்" என்று ஆரம்பித்தார். "ஏனுங்க, கரப்பான் பூச்சிய அடிக்கவே உங்களத்தான கூப்படறேன். நான் துப்பாக்கி வெச்சு என்னத்தப் பண்ணுவேன்?" என்றேன். "சுட வேண்டாம். இருக்குதுன்னு ஒரு தெகிரியம்" என்றார். ஆக, தைரியத்தை விலைக்கு வாங்க ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

துப்பாக்கிக் கடைக்காரர் பெயர் ரேண்டி. ஆறடிக்கு மேல், தாடி, எங்கள் ஊர்ப் பாத்திரக் கடைக்காரரின் அதே பொறுமை. இரண்டே விஷயம் சொன்னார். குத்துகிற துப்பாக்கியை யாரும் இடுப்பில் வைக்கமாட்டார்கள், அது அலமாரியில்தான் தூங்கும். அதனால் உடம்புக்குத் தோதானதை வாங்கு. ஆனால் மிகவும் சின்னதாக வாங்கினால் கைக்குப் பிடிமானம் இருக்காது, சுடும்போது உதையும் அதிகம். சின்னது எதற்கு அதிகம் உதைக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை. முதலில் காட்டியவையெல்லாம் கடப்பாறைக் கனம். கடைசியாக மேசைமேல் வைத்ததுதான் உள்ளங்கைக்குள் அடங்கியது. காலி என்று திறந்து காட்டிவிட்டுத்தான் தந்தார். நான் அதைக் கையில் ஏந்தி, கனம் பார்த்து, அப்படியே புரட்டி அடிப்பக்கம் பார்த்தேன். பண்ணைக்கு வந்திறங்குகிற குஞ்சுகளை அப்பா அப்படித்தான் பார்ப்பார். கால் நேராக இருக்கிறதா, தொப்புள் காய்ந்திருக்கிறதா என்று. ரேண்டி பதறி என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் புரட்டிய புரட்டில் அதன் வாய் செந்திலின் வயிற்றைப் பார்த்திருந்தது. "அம்மா, இது செல்லப் பிராணி இல்லை" என்றார். செந்தில் அதற்குள் எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து இடுப்பில் செருகிப் பார்க்கும் வைபவம். உட்காருங்கள், குனியுங்கள், மேல்தட்டை எட்டுங்கள் என்றார் ரேண்டி. உட்கார்ந்தால் வயிற்றில் குத்தியது. குனிந்தால் நழுவியது. எட்டி நின்றபோது, நான் போட்டிருந்தது எலாஸ்டிக் வைத்த லெகின்ஸ் ஆயிற்றா, துப்பாக்கி தன் கனத்தில் அதையும் இழுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது. குர்தா மட்டும் நீளமாக இல்லாவிட்டால் டெக்சாஸில் என் மானம் அன்றைக்கே போயிருக்கும். செந்தில் கூரையில் எதையோ தேடினார். கைப்பையில் வைக்கலாமே என்றார் ரேண்டி. போகிற கல்யாண மண்டபத்தில் எல்லாம் கைப்பையை விட்டுவிட்டு வருகிறவள் நான், வேண்டாம் என்றேன். பிறகு ரேண்டி முகம் சிவந்து, வேறெங்கோ பார்த்தபடி ஒரு படத்தை நீட்டினார். உள்ளாடையோடு மாட்டிக்கொள்கிற உறை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பஸ்ஸில் பர்ஸை வைத்துக்கொள்கிற இடம்தான், எனக்கென்ன வெட்கம்? ஆனால் பர்ஸ் வெடிக்காது. அதையும் வேண்டாம் என்றேன். குட்டித் துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவின் பச்சை பெல்ட் ஞாபகம் வந்தது. போன் போட்டேன். "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு சாமி பெல்ட்டு?" என்றார். சொன்னேன். பிறகு, "சைஸ் என்ன?" என்று மட்டும் கேட்டார். மேச்சேரியிலிருந்து இங்கே வந்த செந்திலின் நண்பர் பெல்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வெறும் பையாகக் கொடுக்கக் கூடாதென்று அப்பா உள்ளே ஒரு கொட்டைப்பாக்கு போட்டு அனுப்பியிருந்தார். பிறகு ரேண்டியிடம் போய் வாங்கிவந்த கெட்டி உறையை அந்தப் பைக்குள் வைத்துத் தைத்து, குர்தாவுக்குள் கட்டிப் பார்த்தேன். குத்தவில்லை, நழுவவில்லை! ரேண்டியிடம் காட்டினால், இழுத்துப் பார்த்தார், தையலைத் தடவிப் பார்த்தார், எந்தக் கம்பெனி என்று கேட்டார். நாமக்கல் என்றேன். அப்படி ஒரு கம்பெனியைக் கேள்விப்பட்டதில்லையே என்று குறித்துக்கொண்டார்.

ரேண்டியே சுடவும் பழக்கினார். முதல் குண்டிலேயே அவர் சொன்ன உதை என்னவென்று தெரிந்துவிட்டது. தோள்வரை அதிர்ந்தது. குண்டு நான் குறி வைத்த காகித மனுஷனை விட்டுவிட்டுப் பக்கத்துக் காகித மனுஷனைத் துளைத்தது. எங்கள் அப்பாவிடமும் லைசன்ஸ் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி உண்டு. பண்ணைக்குள் தெருநாய்கள் புகுந்த ஒரு நாள், விரட்டுவதற்காக வானத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை சுட்டார். நாய்கள் ஓடின. ஆனால் சத்தத்தில் மிரண்ட கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்கின, மிச்சமிருந்தவை ஒரு வாரத்துக்குச் சரியாக முட்டை வைக்கவில்லை. "நாய் தின்னிருந்தாக்கூட நாலு கோழிதான் போயிருக்கும்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அதன்பிறகு அந்தத் துப்பாக்கி பீரோவைவிட்டு வெளியே வந்தது இரண்டு காரியத்துக்குத்தான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க ஒன்று. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க இன்னொன்று.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கதவில் கை வைத்து ஒரு தடவை காரைத் திரும்பிப் பார்த்தேன், ஆனால் திறந்து உள்ளே போய்விட்டேன். சில்லறை கொடுக்க ஒரு கை, இடுப்பைத் தொட்டுப் பார்க்க ஒரு கை. வலது பக்கம் கனம் இருந்ததால் நடையே கொஞ்சம் சாய்ந்துவிட்டது. செந்திலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா? நான் சொன்னனல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை. எனக்கோ, உட்கார்ந்திருப்பது நானா அந்தத் துப்பாக்கியா என்று ரோஷமாக இருந்தது.

இப்படி இருக்கையில் ஆயுத பூஜை வந்தது. காலையில் கத்தி, அரிவாள்மணை, ஸ்க்ரூ டிரைவர், காரின் இரண்டாவது சாவி எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்தேன். பழக்க தோஷம், துப்பாக்கியையும் காலி செய்து எடுத்து வைத்துவிட்டேன். ஊரிலிருந்து வந்த சந்தனத்தைக் குழைத்து மேலும் கீழும் பூசி, குங்குமம் இட்டு, குழாயின் வாயில் ஒரு பெரிய பொட்டு வைத்துப் பூவும் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. செந்திலுக்கு அன்றைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. நான் தனியாகக் கடைக்குக் கிளம்பினேன்.

"துப்பாக்கிய எடுக்கலியா?" என்றார்.

"பூசையில வெச்சத நாளைக்கு மறுபூசை பண்ணித்தான் எடுக்கோணும். தெரியாதுங்களா?"

"அப்ப காபி மெஷினு? அதுக்கும் நேத்துப் பொட்டு வெச்சியே. அத மட்டும் இன்னைக்கு ஓட்டுவியா?"

"அதுக்குப் பொட்டு மட்டுந்தானுங்க, பூசையில வெக்கல. காபி இல்லாட்டி யாவாரம் போயிரும்."

"திருடன் வந்தா?"

"நாளைக்கு வரச் சொல்றேன்."

வாய்தான் அப்படிப் பேசியது. வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று வழியில் இரண்டு தடவை காரை ஓரம் கட்டினேன். ஆனால் அன்றைக்குப் பார்த்துக் கூட்டம் நெரிந்தது. காபி தீர்ந்தது, பில் ரோல் சிக்கியது, பால் பெரியவர் வழக்கம்போலக் கீழே குனிந்தார். இடுப்பு ஞாபகமே இல்லாமல் மத்தியானமாகிவிட்டது. கடை காலியான நேரம், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஓர் ஆள் உள்ளே வந்தான். வலது கை சட்டைக்குள் இடுப்பைப் பிடித்திருந்தது. முகம் கோணியிருந்தது. என் கை தன்னால் இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. செத்தோம் என்று நினைத்தேன். கத்தவில்லை, ஓடவில்லை. "என்ன வேணும்?" என்று கேட்டது என் குரல்தான். எனக்கே நம்ப முடியவில்லை.

தொப்பியைத் தூக்கினான். பார்த்தால் ரேண்டி! "இடுப்பு வலிக்கு ஏதாவது இருக்கிறதா?" என்று முனகினார். ஊருக்கெல்லாம் தோதான துப்பாக்கி பார்த்துக் கொடுக்கிறவருக்கு, தன்னுடையது எலும்பிலேயே குத்திக்கொண்டிருந்திருக்கிறது. என் பையிலிருந்த ஊர்த் தைலத்தைக் கொடுத்தேன். கொஞ்சமாக என்று சொல்வதற்குள் உள்ளங்கை நிறைய எடுத்துத் தேய்த்துக்கொண்டு, எரிச்சலில் சிப்ஸ் வரிசையைச் சுற்றிச் சுற்றி ஓடினார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் பாதி அழுகை. போகும்போது, "அந்த நாமக்கல் கம்பெனி பெல்ட் எனக்கும் ஒன்று கிடைக்குமா?" என்றார்.

மறுநாள் மறுபூஜை முடித்துத் துப்பாக்கியை எடுத்தால், சந்தனம் காய்ந்து குழாயை அடைத்திருந்தது. ரேண்டியிடம் கொண்டுபோனேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, இது என்ன புது மாதிரி எண்ணெயா என்றார். நன்றி சொல்லும் வழக்கம் என்றேன். துப்பாக்கிக்கா என்றார். நமக்கு உதவுகிற எதற்கும் என்றேன். சுத்தம் செய்து கொடுத்தார், காசு வேண்டாம், பெல்ட் போதும் என்றார். அந்தத் துப்பாக்கி இப்போது பூட்டிய பெட்டியில் கிடக்கிறது. பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பயத்தோடு உட்காரப் பழகிவிட்டேன், அவ்வளவுதான். கடையை விற்கிற பேச்சு நின்றுபோனது.

போன தேர்தல் சமயம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. "அது அங்க இருக்கறப்பத்தான் சாமி நிம்மதியாத் தூக்கம் வருது. ஊட்டுல இருந்தா எவன் திருடிக்கிட்டுப் போவானோன்னு அதுக்கு வேற காவலு" என்று சிரித்தார். பிறகு மாடிக்குக் கூட்டிப் போனார். மேல் ரூமுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்து, ஏசி மாட்டி, செந்திலுக்கென்று ஒரு மேசைகூடப் போட்டு வைத்திருந்தார். மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.

"பயம் தெளிஞ்சுருச்சா சாமி?" என்றார், ஜன்னலைத் திறந்துகொண்டே.

"தெளிஞ்சுருச்சுங்கப்பா."

"நல்லதுதான்" என்றார். ஜன்னலை மறுபடி சாத்தினார்.

பயம் என்னைக் கவுண்டரில் உட்காரவிடாதவரை ஊருக்குத் திரும்ப எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நானேதான் தைலம் தேய்த்து விரட்டிவிட்டேன் என்று அந்த ரூமில் நின்றபோதுதான் உறைத்தது. அப்பா ரூம் சாவியை என் கையில் வைத்தார். சேலை இடுப்பில், வலது பக்கம் செருகிக்கொண்டு படி இறங்கினேன். கீழே அம்மா அண்ணாந்து பார்த்து, "ஏன் அம்மிணி ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கற? இடுப்புல ஏதாச்சும் வலியா?" என்றாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்.

ரேண்டிக்குப் பெல்ட் வாங்கி, உள்ளே ஒரு பாக்கும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்தப் பாக்கை எதற்குப் பயன்படுத்துவது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் பெல்ட்டை நான் விடவில்லை, தினமும் கட்டிக்கொண்டுதான் கவுண்டரில் உட்காருகிறேன். முன்பின் தெரியாதவன் எவனாவது சட்டைக்குள் கை விட்டால் என் கை இப்போதும் தன்னால் இடுப்புக்குப் போகிறது. அங்கே எருமப்பட்டி மேல் ரூம் சாவி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டே, என்ன வேணும் என்று கேட்கிறேன்.