தொக்கம் எடுத்தோம், வலி நின்றது

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, திண்டிவனத்திலிருந்து என் தங்கை மலர் போன் செய்தாள். பிளவுஸ் தைப்பவள். முகூர்த்தம் இல்லாத புரட்டாசியில்தான் அவளுக்கு உடம்பைக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

"ண்ணா, நேத்துலேர்ந்து வயித்த வலி. ரெண்டு தபா வாந்தி வேற. கேஸா இருக்கும்னு சோடா குடிச்சேன், கேக்கல."

நம் ஊரில் வயிறு வலித்தால் முதலில் அது கேஸ். இல்லையென்றால் சூடு. அதுவும் இல்லையென்றால் – தொக்கம்!

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தின்றது செரிக்காமல் உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டு வலிக்கிறதாம். அதுதான் தொக்கம். அதை வாயால் உறிஞ்சி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

"நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட பஸ் ஏறி வா. கோலியனூர் பக்கம் ஒருத்தர் தொக்கம் எடுக்கறாரு, கூட்டிக்கினு போறேன்" என்றேன்.

சொன்னது யார்? வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்கிற அதே ஆள்தான்.

மறுநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. உடம்பு லேசாகச் சுட்டது. பைக்கில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "மெதுவாப் போண்ணா, குலுங்குனா உயிரு போவுது." நான் மெதுவாகப் போனேன். அதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அங்கே எங்களுக்கு முன்னால் பத்துப் பேராவது இருப்பார்கள். பாதிக்கு மேல் கைக்குழந்தைகள். மலரின் முறை வந்தது. அவர் அவள் தொண்டைக்குழியில் ஒரு சின்னக் குழாயை வைத்து உறிஞ்சினார். இலையில் துப்பிக் காட்டினார். நார் மாதிரி ஏதோ ஒன்று.

"பாரும்மா, கோழிக்கறி."

மலர் குழம்பிப் போனாள். "புரட்டாசிங்களே... நாங்க கறி தொட்டே மூணு வாரம் ஆவுதுங்க."

மனிதர் அசரவில்லை. "அது பழசும்மா. உள்ளயே ஒட்டிக்கினு இருந்துக்குது."

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான் பக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவள் முகம் தெளிந்தது. "ண்ணா, வலி விட்டுடுச்சு!" என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். எனக்கு ஏக திருப்தி.

சாயங்காலம் நாலு மணிக்கு என் மனைவி காபியோடு அவளை எழுப்பப் போனாள். போனவள் சத்தம் போட்டாள். "ஏங்க, உடம்பு நெருப்பா கொதிக்குது. வயிறு கல்லு மாதிரி இருக்குது. ஜல்தியா ஆட்டோவ கூப்புடுங்க!"

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர். நின்று நின்று களைத்த முகம். மலரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபடியே கேட்டார்.

"வலி மொதல்ல தொப்புளச் சுத்தி வந்துட்டு, அப்புறம் வலது பக்கம் கீழ எறங்குச்சா?"

மலர் தலையசைத்தாள்.

"வண்டி குலுங்குனா வலிச்சுதா?" அதற்கும் தலையசைத்தாள்.

"நடுவுல திடீர்னு கொறஞ்சுதா?"

நான் முந்திக்கொண்டேன். "காலைல தொக்கம் எடுத்தோம் டாக்டர். அதுல நின்னுச்சு."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "அதுல நிக்கலீங்க. குடல்வால் வெடிச்சிருக்கும்னு நினைக்கிறேன். வெடிச்சா கொஞ்ச நேரம் வலி அடங்குன மாதிரி இருக்கும். அப்புறம் சீழ் வயிறு பூரா பரவிடும்" என்றார்.

ஆபரேஷன் செய்தார்கள். அவர் சொன்னது சரியாக இருந்தது. இரண்டு நாள், பிழைப்பாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அதைவிட அசிங்கமாக இருந்தது.

வயிற்றுவலிகளில் முக்கால்வாசி தானாகவே சரியாகிவிடும். தொல்லையே அதுதான்! தானாகப் போன வலிக்கெல்லாம் சோடாவும் ஓமத்தண்ணீரும் தொக்கக்காரரும் பேர் வாங்கிக்கொள்கிறார்கள். போகாத வலியை நாம் எப்போது கண்டுபிடிக்கிறோம்? விட்டுவிட்டு வராமல் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிற வலி, கூடவே காய்ச்சல், ஓயாத வாந்தி, தொட்டால் கல்லாக இருக்கிற வயிறு, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம்... இதில் எது ஒன்று இருந்தாலும் வைத்தியம் வீட்டில் இல்லை. குழந்தைக்குப் பேதியானால் 'தண்ணி குடுத்தா இன்னும் போவும்' என்று நிறுத்துவதும் நம் வழக்கம். நிறுத்தாதீர்கள். உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒன்றுக்குப் போவது குறைந்து, குழந்தை துவண்டுபோனால் கிளம்பிவிடுங்கள்.

இதையெல்லாம் எழுத எனக்கே சலிப்பாக இருக்கிறது. தெரியாத விஷயமா என்ன? எனக்கும்தான் தெரிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் மலர் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அப்போதுதான் ஒரு விஷயம் சொன்னாள். அன்றைக்கு மதியமே வலி திரும்பிவிட்டதாம். "அப்பவே ஏன்மா சொல்லல?" என்றேன்.

"நீ பக்கத்து ரூம்ல ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி, தங்கச்சிக்கு நான்தான் தொக்கம் எடுத்துக் காப்பாத்துனேன்னு சந்தோசமா சொல்லிக்கினு இருந்தண்ணா... எப்பிடிச் சொல்றது?"